வண்டிக்கு நெற்றி எது

கறுப்பு வண்டியில் விழுந்த கீறல் நிழலில் தெரியாது. வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால் ஒன்றுவிடாமல் எழுந்து நிற்கும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பட்டு வியாபாரி கலியாணசுந்தரத்தின் அம்பாசடர் பங்குனி மாதத்தில் ஒரு நாள் ஏகாம்பரநாதர் சன்னதித் தெருவில் உச்சி வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அவரைப் போலவே பட்டு வியாபாரம் செய்கிற ஒருவர் பானெட்டின்மேல் குனிந்து பார்த்தார். "இன்னா முதலியாரே, பூனை ஏறி வெளையாடிச்சா இது மேல?" என்று கேட்டார்.

அவர் சும்மாதான் கேட்டார். கேட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். ஆனால் பேர் பதிந்து ஆறு வருஷம் காத்திருந்து தை மாதத்தில் வந்த வண்டி அது. கலியாணசுந்தரத்துக்கு அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. டிரைவர் ஆதிகேசவனைக் கூப்பிட்டார்.

"வண்டியத் தொடைக்கிறது நீதானே?"

"நான்தாங்க."

"ஷெட்டுக்கு ஓட்டிக்கினு போ. கீறல் போவணும். போவலைன்னா நீ போவணும்."

ஆதிகேசவன் வண்டியை ரயில்வே ரோட்டில் இருக்கிற பெயிண்ட் ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். அங்கே பெயிண்ட் அடிக்கிறவர் மேஸ்திரி முருகேசன். பெயிண்டைத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவது கண்ணாயிரத்தின் வேலை. கண்ணாயிரம் தாமல்காரன். ஏரி வறண்ட ஒரு வருஷம் ஊரை விட்டு வந்து, அரிசி மில்லில் மூட்டை தூக்கி, முதுகு ஒத்துக்கொள்ளாமல் இந்த ஷெட்டில் சேர்ந்தான். பதினாலு வருஷமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். வலது தோள் காதுக்கு மேலே எழும்பாது. சட்டை போடும்போது இடது கைதான் வலது கையைத் தூக்கிவிட வேண்டும். விரல் மட்டும் கெடவில்லை. உப்புத்தாளைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டு, எத்தனையாம் நம்பர் என்று சொல்லிவிடுவான்.

வண்டியை வெயிலில் நிறுத்தச் சொல்லி ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கதவில் இல்லை. டிக்கியில் இல்லை. கூரையில் இல்லை. எல்லாம் பானெட்டின் நடுவில்தான், தலைமுடி உதிர்ந்து ஒட்டிக்கொண்ட மாதிரி. கட்டைவிரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பார்த்தான். நகம் எங்கேயும் மாட்டவில்லை. பிறகு விரலைத் தண்ணீரில் நனைத்து ஒரு கீறலின்மேல் தடவினான். ஈரம் இருந்தவரை கீறலைக் காணோம். காய்ந்ததும் திரும்பி வந்தது.

"மேல்தோலுதான். நகம் மாட்டியிருந்தா பெயிண்டு அடிக்கணும். இது தேச்சா போயிடும்."

"நிச்சயமா போயிடுமாண்ணா?"

"இன்னாத்துக்கு இப்படி நடுங்கறே? வண்டி உன்னுதா?"

"வண்டி என்னுது இல்லைண்ணா, வேலை என்னுது." ஆதிகேசவன் மட்கார்டின் பக்கத்தில் குந்தினான். "இந்த ஊர்ல கார் வச்சிக்கினு இருக்கறவங்க ஒரு இருபது பேரு இருப்பாங்க. இருபது பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க. வண்டியக் கீறினவன்னு முதலாளி வாயால ஒரு வார்த்தை வந்துட்டா மத்த பத்தொம்போது கதவும் சாத்திக்கும். திரும்பி லாரி ஏறலாம்னா இடுப்பு கேக்காது. லாரில போன இடுப்புதானே இது."

கண்ணாயிரத்துக்கு அது புரிந்தது. உடம்பில் ஓர் இடம் போய்விட்டால் செய்யக்கூடிய வேலைகள் ஒன்றொன்றாகக் கழிந்துகொண்டே வரும். தனக்கும் இதற்குப் பிறகு வேறு வேலை இல்லை.

வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். வெயில் சூட்டில் தேய்த்தால், தேய்க்கிற பசையான காம்பவுண்டு காய்ந்து பிடித்துக்கொள்ளும். கண்ணாயிரம் பானெட்டைக் கழுவி ஈரம் போகத் துடைத்தான். பழைய பனியன் துணியை உள்ளங்கை அளவுக்கு மடித்து, காம்பவுண்டை ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்து, ஒரு சாண் இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டான். நேர்க்கோட்டில் போய் நேர்க்கோட்டில் வர வேண்டும். அழுத்தக் கூடாது. காம்பவுண்டே தன் வேலையைச் செய்யும். ஒரு சாண் முடிந்ததும் துடைத்துப் பார்த்து அடுத்த சாண். ஓரம் வரும்போது கையைத் தூக்கிவிட வேண்டும், ஓரத்தில் பெயிண்டு மெலிசு. கீறல் போகிறது என்று சொல்கிறார்களே தவிர, கீறல் எங்கேயும் போவதில்லை. அதைச் சுற்றி இருக்கிற பெயிண்டைக் கீறலின் ஆழத்துக்கு இறக்கிவிடுகிறோம், அவ்வளவுதான். துணியில் ஏறுகிற கறுப்பெல்லாம் வண்டியிலிருந்து போன கறுப்பு.

தேய்க்கும்போது ஒன்று கவனித்தான். கீறல் எல்லாம் பானெட்டுக்குக் குறுக்கே, இடமிருந்து வலமாக ஓடியிருந்தது.

"நீ எப்படிப்பா தொடைக்கிறே?"

"தண்ணி ஊத்தி, ஈரத் துணியால, நீட்டுவாக்குல."

"அப்ப இது குறுக்கால போவுதே."

ஆதிகேசவன் மட்கார்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். நெற்றியில் இருந்த ஒற்றைச் சிவப்பு நாமத்தின்மேல் வேர்வை வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டான். கண்ணாயிரமும் மேலே கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் வேலை நீளும். மெழுகு போட்டு முடித்து வண்டியை வெயிலில் நிறுத்தினான். பானெட்டில் மேகம் தெரிந்தது.

சித்திரை பிறந்து நாலாம் நாள் ஆதிகேசவன் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை வண்டி இல்லாமல் நடந்து வந்தான்.

"திரும்பி வந்துடுச்சிண்ணா. அதே இடத்துல. முதலாளி உன்னை வூட்டுக்கே வரச் சொல்றாரு, அவரு கண்ணெதிர்ல தேய்க்கணுமாம். வைகாசி பொறந்தா பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். மெட்ராஸ்லேர்ந்து மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வராங்க. அதுக்குள்ள மூணாவது தடவை கீறல் வந்துச்சின்னா சாவிய வச்சிட்டுப் போயிடுன்னு சொல்லிட்டாரு."

கண்ணாயிரம் மனசுக்குள் கணக்குப் போட்டான். இரண்டாவது தடவை பெயிண்டு தாங்கும். மூன்றாவது தடவை தேய்த்தால் கறுப்புக்கு அடியில் முதல் பூச்சாகப் போட்டிருக்கிற செங்காவி தெரிந்துவிடும். அப்புறம் பானெட்டு முழுக்கப் பெயிண்டு அடிக்க வேண்டும், அடித்தாலும் கம்பெனிக் கறுப்பும் ஷெட்டுக் கறுப்பும் சேராது.

மறுநாள் விடிந்ததும் காம்பவுண்டு டப்பாவையும் துணியையும் பையில் போட்டுக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தான். தெரு நீளத்துக்குத் தறி நூலைப் பாவாக விரித்திருந்தார்கள். நூலைத் தொட்டுவிடாமல் சுவரை ஒட்டியே போனான். கலியாணசுந்தரம் வீட்டுப் பக்கச் சந்தில் தகரக் கூரை போட்டு வண்டியை நிறுத்தியிருந்தார்கள். ஆதிகேசவன் அதன் பின்பக்கமாகத் தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

கலியாணசுந்தரம் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். ஒரு கையில் வெள்ளிச் சம்புடம், தோளில் பழைய பட்டுத் துண்டு. கண்ணாயிரத்தைப் பார்த்து, "இரு, வரேன்," என்றார். பானெட்டின் நடுவில் நேற்றுப் பூசின திருநீறு மூன்று பட்டையாகக் காய்ந்திருந்தது. பட்டுத் துண்டைச் சுருட்டி, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பாக அழுத்தித் துடைத்தார். துணியை மடித்து மறுபடி ஓர் இழுப்பு. ஒரு துகள் கீழே விழவில்லை. பிறகு சம்புடத்திலிருந்து திருநீறு எடுத்துத் தண்ணீரில் குழைத்து, மூன்று விரலால் புதிதாகப் பட்டை போட்டார். கண்ணை மூடி நின்றார்.

"தண்ணி ஊத்திக் கழுவினா திருநீறு தரையில ஓடும். ஓடினா கால்ல மிதிபடும்," என்று கண்ணாயிரத்துக்கு விளக்கம் சொன்னார். "அதான் இத்த மட்டும் நானே தொடைக்கிறது, அன்னிக்கு ஷெட்டுக்கு அனுப்பறப்பவும் நானே தொடைச்சித்தான் அனுப்பினேன். இவன் பானெட்டு நடுவுல கை வைக்கக் கூடாதுன்னு மொத நாளே சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு ஒரு சிட்டிகை திருநீற்றைக் கண்ணாயிரத்தின் உள்ளங்கையில் போட்டார். கண்ணாயிரம் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதை எடுத்தான். தேய்த்துப் பார்த்தான். விரலுக்கு நடுவே அது நறநறவென்றது. கோயில் திருநீறு மாவு மாதிரி இருக்கும். இது வேறு.

"வூட்ல சுட்டதுங்களா?"

"சிவராத்திரிக்குச் சுட்டது. நம்ம மாட்டுச் சாணி, உமி போட்டு மூட்டம். முந்தி கோயில் திருநீறுதான் பூசிக்கினு இருந்தேன். கடைச் சரக்கு கலக்குறாங்கன்னு சொல்றாங்க. இந்த வருஷம் நம்மளே பண்ணிட்டோம்."

கண்ணாயிரம் நெற்றியில் பூசிக்கொண்டான். தாமலில் உமிச் சாம்பலை வைத்துத்தான் பல் விளக்குவார்கள், அதை வைத்துத்தான் பித்தளை அண்டாவைத் துலக்குவார்கள். சிவராத்திரிக்கு முன்னால் கீறல் இல்லை. சிவராத்திரிக்குப் பிறகு கீறல். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

"நடுவுல பூசியிருக்கறதத் தொடாம சுத்தித் தேய்," என்று சொல்லிவிட்டு முதலாளி துணி மாற்ற உள்ளே போனார்.

பானெட்டைக் கழுவத் தண்ணீர் வேண்டும். கண்ணாயிரம் வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக் கிணற்றுக்குப் போனான். முதலாளியின் மனைவி வடிவாம்பாள் துவைக்கிற கல்லின்மேல் வெள்ளிக் குத்துவிளக்கை வைத்துத் துலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தேங்காய்த் தொட்டியில் திருநீறு.

"அதே திருநீறுங்களாம்மா?"

"அதேதான். சாமிக்கு எடுத்து வச்சது போக மிச்சம். நிச்சயதார்த்தத்துக்கு வெளக்கெல்லாம் எடுக்கணுமே. இந்த வருஷத்துத் திருநீறு நல்லா வெளுக்குதுப்பா, ரெண்டு தேய்ல கறுப்பு போயிடுது."

"போவும்மா," என்றான் கண்ணாயிரம். தண்ணீர் இறைத்துக்கொண்டு திரும்பினான்.

ஆதிகேசவன் இன்னும் பின்பக்கத்திலேயே நின்றான். கண்ணாயிரம் வாளியை வைத்துவிட்டு அவனிடம் போனான்.

"உனக்குத் தெரியும்தானே?"

"மாசி மாசமே தெரியும்."

"சொல்றதுக்கு இன்னா?"

"நல்லா கேட்டேண்ணா நீ." ஆதிகேசவன் குரலை இறக்கினான். "நான் சின்ன காஞ்சிபுரத்துக்காரன், பெருமாள் பக்கம். நெத்தில நாமம் போட்டுக்கினு அவர் எதிர்ல போய், சாமி, உங்க திருநீறுதான் வண்டியக் கீறுதுன்னு சொல்லணும். சொன்னா வேலை மட்டுமா போவும்? நாமக்காரன் திருநீற்றக் கொறை சொன்னான்னு ஊரே ரெண்டாப் பிரிஞ்சி நிக்கும். கீறினவன்ற பேரே தேவலை."

"கீறினவன்னு பேரு வந்தா பத்தொம்போது கதவு சாத்திக்கும்னு சொன்னே."

"இதச் சொன்னா இருபதும் சாத்திக்கும்."

கண்ணாயிரம் பானெட்டைப் பார்த்தான். தான் சொன்னாலும் அதே கதைதான். காசு வாங்கிக்கொண்டு தேய்க்க வந்தவன் திருநீற்றில் குற்றம் கண்டுபிடித்தான் என்று மேஸ்திரி முருகேசன் காதுக்குப் போகும். சொல்லாவிட்டால் இன்றைக்குத் தேய்த்தது பத்து நாள் நிற்கும். வைகாசிக்கு முன்னால் மூன்றாவது தடவை வரும். இவன் சாவியை வைத்துவிட்டுப் போவான். அதற்குப் பிறகும் கீறல் வரும், அப்போது அடுத்த டிரைவர் போவான். யார் போனாலும் தேய்க்கப் போவது தன் தோள்தான்.

பானெட்டின் நடுவே புதிதாகப் போட்ட பட்டை மெல்லக் காய்ந்து வெள்ளை ஏறிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு சாண் தேய்த்தான். இரண்டாவது சாண் தேய்த்தான். முதலாளி ஜிப்பா போட்டுக்கொண்டு வந்து நின்று பார்த்தார்.

"நடுவுலதான் கீறல் ஜாஸ்தி, அத்த இன்னா பண்ணப் போறே?"

"அதான் யோசிக்கினு இருக்கறேன்." கண்ணாயிரம் துணியைக் கீழே வைத்தான். "முதலாளி, ஒண்ணு கேக்கலாங்களா? கோவிச்சிக்கக் கூடாது."

"கேளு."

"நாம நெத்திலதான திருநீறு பூசிக்கறோம். வண்டிக்கு நெத்தி எதுங்க?"

"இதான்." கலியாணசுந்தரம் பானெட்டைக் காட்டினார். "கண்ணு ரெண்டும் கீழ இருக்குது, மேல நெத்தி."

"அது வெளக்குங்களே. கோயில் வாசல்ல ரெண்டு பக்கமும் வெளக்கு வைக்கறாப்ல. வண்டி பாக்கறது கண்ணாடி வழியாத்தான?"

முதலாளி முன்கண்ணாடியைப் பார்த்தார்.

"இந்தப் பானெட்டுக்கு உள்ள இன்னா இருக்குது? தண்ணி ஊத்தறது இங்கதான். காத்து இழுக்கறது இங்கதான். பொகை கெளம்பறதும் இங்கேர்ந்துதான். சூடாச்சுன்னா ஆவி வர்றதும் இங்கதான். இது மூக்கும் வாயும் இருக்கற எடமாட்டம் இல்லீங்களா? நான் படிக்காதவன், எனக்குத் தோணிச்சு, கேட்டேன்."

கலியாணசுந்தரம் வண்டியின் முன்னால் போய் நின்று பார்த்தார். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். ஆதிகேசவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வடிவு," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இங்க வா. வண்டிக்கு நெத்தி எதுன்ற?"

வடிவாம்பாள் கைவிரலில் திருநீற்றுச் சாம்பலோடு வாசல்படியில் வந்து நின்றாள். கேள்வியை இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

"லாரிக்காரங்க எங்க எழுதறாங்க சாமி பேர? கண்ணாடிக்கு மேலதான? அப்ப அங்கதான் நெத்தி. இது மூக்கு." பிறகு அவரைப் பார்த்தாள். "ஏங்க, மூணு மாசமா மூக்குலயா பூசிக்கினு இருந்தீங்க?"

அவள் சிரிக்கவில்லை. கேட்டுவிட்டு விளக்குத் துலக்கப் போய்விட்டாள். அவள் போன பிறகு கலியாணசுந்தரம் கொஞ்ச நேரம் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றார், தன் மூக்கை.

"கண்ணாடிக்கு மேல தகரத்துல பூசலாமா?" என்று கேட்டார்.

கண்ணாயிரம் இதை எதிர்பார்த்திருந்தான். தகரத்தில் பூசினால் அங்கேயும் அதே கதை. "தகரம் தலை முடிங்க. நெத்தின்னா கண்ணாடியோட மேல் பாதி. அதுவும் இல்லாம, அங்க பூசினா பின் சீட்ல ஒக்காந்துக்கினே நீங்க பாத்துக்கினு வரலாம். பானெட்டுல பூசினா உங்களுக்குத் தெரியறதில்லையே."

அது போதுமானதாக இருந்தது. கலியாணசுந்தரம் உள்ளே போய் ஒரு தேங்காய் கொண்டுவந்தார். பானெட்டில் இருந்ததைப் பட்டுத் துண்டால் கடைசித் தடவையாக ஓர் இழுப்பு இழுத்தார். கண்ணாயிரத்துக்குத் தோளில் சுருக்கென்றது. கண்ணாடியின் மேல் பாதியில், முழங்கை நீளத்துக்கு, மூன்று பட்டை தாராளமாகப் பூசினார். தேங்காய் உடைத்தார். கண்ணாயிரத்துக்கு ஒரு மூடி கிடைத்தது.

பிறகு தேய்க்கிற வேலை. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று சாண் சாணாக நகர்ந்தான். நடுவில் வரும்போது மிகவும் லேசாகப் போனான். துணியில் கறுப்பு ஏறியதே தவிர சிவப்பு ஏறவில்லை. மெழுகு போட்டான். பாவு எடுத்த பிறகு ஆதிகேசவன் வண்டியைத் தெருவுக்கு ஓட்டி வெயிலில் நிறுத்தியபோது, கலியாணசுந்தரம் பூனை ஏறிச்சா என்று கேட்டவரைப் போலவே குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"கீறல் எதனாலதான்பா வந்துது?"

ஆதிகேசவன் நிமிர்ந்து கண்ணாயிரத்தைப் பார்த்தான். கண்ணாயிரம் டப்பாவை மூடிக்கொண்டிருந்தான்.

"பொடிங்க. பொடி தூசி. அதோட தொடைச்சா கீறும்."

கலியாணசுந்தரம் ஆதிகேசவன் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கினியா? தூசியோட தொடைக்காதே. இத்தன நாளா அதத்தான் பண்ணியிருக்கே."

"கேட்டுக்கினேங்க," என்றான் ஆதிகேசவன்.

வைகாசி பிறந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து ஸ்டேஷனிலிருந்து அந்த வண்டியில்தான் போனார்கள். நிச்சயதார்த்தம் முடிந்தது. கீறல் வரவில்லை. கண்ணாடியில் திருநீறு பூசித் துடைத்தாலும் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு அதட்டல் போட்டேன், துடைக்கக் கற்றுக்கொண்டான் என்று கலியாணசுந்தரம் சன்னதித் தெருவில் எல்லாரிடமும் சொன்னார். அதைக் கேட்டு வேறொரு முதலாளியும் தன் டிரைவரை ஒரு அதட்டல் போட்டதாகப் பேச்சு.

ஆனி மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் வண்டி ஷெட் வாசலில் வந்து நின்றது. உள்ளே ஆதிகேசவன் மட்டும் இருந்தான். கழுத்தை வலது தோளுக்குச் சாய்த்து, மூன்று பட்டைக்கும் கீழே இருந்த இடைவெளி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதமாக அப்படித்தான் ஓட்டுகிறான். முதலாளி எதிரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டிரைவர் பணிவாகத் தலை சாய்த்தே இருக்கிறான் என்று பிள்ளையார்பாளையத்தில் அவனுக்கு நல்ல பேர்.

"கழுத்து இன்னாப்பா?"

"இடுப்புக்குத் தொணை." ஆதிகேசவன் தலையைச் சாய்த்தபடியே வானத்தைப் பார்த்தான். மேற்கே கறுத்திருந்தது. "அண்ணா, ஒண்ணு கேக்கணும். மழை வந்தா இன்னா பண்றது? வைப்பர் போட்டா திருநீறு வழிஞ்சி ரோட்ல ஓடும். போடலைன்னா ரோடு தெரியாது. அவரு பின்னால ஒக்காந்து அத்தயே பாத்துக்கினு வராரு."

கண்ணாயிரம் இதை யோசித்திருக்கவில்லை. இடது கையால் வலது கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தான். காது வரைக்கும் வந்தது. இறக்கினான்.

"மழை வர்றதா இருந்தா என் தோளு வலிக்கும். இப்ப வலிக்கல," என்றான். "இன்னிக்கு வராது. ஜல்தியா வூட்டுக்குப் போ."